1974 வீடு, கட்டை வயரிங், எர்த் இருக்கா இல்லையா தெரியல: முதல்ல எதில் கை வைப்பது?

#1 ஓட்டுவீடு

கும்பகோணம் பக்கம் 1974-ல் கட்டிய வீடு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மர விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை), பின்கட்டு நாட்டு ஓடு. சிங்கிள் பேஸ் சர்வீஸ். இப்போது இருக்கும் நிலை:

மீட்டருக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச். உள்ளே இரண்டு கிட்கேட் ஃபியூஸ். அடுத்து மரப்பலகையில் நாலு ஃபியூஸ். உள்ளே எல்லாம் தேக்கு ரீப்பரில் க்ளிப் அடித்த வயர். பாதி அலுமினியம், பாதி 3/20 செம்பு (20 நம்பர் இழை மூன்று). பிற்பாடு சேர்த்த கீசர், கிரைண்டர் பாயின்ட்டுகளுக்கு மட்டும் பிவிசி பைப். எர்த்துக்கு ஒரு ஜிஐ கம்பி கிணற்றடிக் குழாயில் சுற்றியிருக்கிறது.

கோளாறுகள்: மிக்சி போட்டால் கூடத்து லைட் இமைக்கிறது. ஃபிரிட்ஜைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்கிறது. பின்கட்டில் எல்இடி பல்ப் சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. ஒரு எலெக்ட்ரீஷியன் போர்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் மொத்தமும் பிடுங்கணும் என்கிறார். எது சரி? எங்கே ஆரம்பிக்கணும்?

#2 கம்பிக்காரர்

போர்டு, சுவிட்ச் எதுவும் இப்ப வாங்காதீங்க சார். மூணு கோளாறும் சுவிட்சுல இல்ல. ஒண்ணு நியூட்ரல் ஜாயின்ட், ஒண்ணு எர்த், ஒண்ணு தப்பான கம்பியில சுவிட்ச். புது மாடுலர் போர்டு மாட்டினா இதே கோளாறு வெள்ளைத் தகட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், அவ்வளவுதான்.

முதல்ல ஃபிரிட்ஜ். இன்னைக்கே பிளக்கைப் பிடுங்குங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு, இன்வர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணி அதோட பிளக்கையும் எடுத்துட்டு, அந்த மூணு பின் சாக்கெட்டைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க. மேல் ஓட்டைக்கு வர்ற கம்பி எங்கேருந்து வருது? பச்சைக் கம்பி வெளியேருந்து வரணும். நியூட்ரல் ஸ்குரூவிலேருந்து ரெண்டு இன்ச் கருப்புத் துண்டு வளைஞ்சு வந்து எர்த்துல நின்னா அதை உடனே எடுத்துடணும்.

அடுத்தது கிணத்தடி. அந்த ஜிஐ கம்பி சுத்தின குழாய் மண்ணுக்குள்ள போறது இன்னும் இரும்புதானா? நிறைய வீட்டுல மேல தெரியுற ரெண்டடி மட்டும் பழைய இரும்பு. கீழயும் மேலயும் பிவிசி மாத்தி வருஷக்கணக்காகியிருக்கும். குழாய் மாத்தின பிளம்பருக்கு அதுதான் வீட்டோட எர்த்துன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

#3 ஓட்டுவீடு

திறந்து பார்த்ததில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கருப்புத் துண்டு. வாஷிங் மெஷின் சாக்கெட்டிலும் அதே. கிணற்றடிக் குழாய் தரைக்கு அரை அடி மேலே பிவிசியில் ஏறியிருக்கிறது. அதாவது எர்த்தே இல்லை.

#4 ரெண்டாம்மாடி

இதுக்கு ஏன் இவ்வளவு பதறணும்? டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரலை எர்த் பண்ணித்தான் விடுறாங்க. நியூட்ரலும் எர்த்தும் கடைசியில ஒண்ணுதான். பாதி ஊர்ல இந்த லூப்தான் ஓடுது, எவனும் சாகல.

#5 மெகர்500

டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றுதான். வீட்டுக்குள் ஒன்றல்ல. நடுவில் இருப்பது கம்பத்துக் கம்பி, சர்வீஸ் வயர், கட்அவுட் (மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஈ.பி. ஃபியூஸ்), மீட்டர் முனை, மெயின் சுவிட்ச், ஃபியூஸ் பலகை, ஏழெட்டு முறுக்கு ஜாயின்ட். இதில் ஒரே ஒரு நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

பேஸ் வழக்கம்போல் சாக்கெட்டுக்கு வருகிறது. ஃபிரிட்ஜின் மோட்டார் சுற்று வழியாக நியூட்ரல் பின்னுக்கு வருகிறது. திரும்பிப் போக வழி இல்லை. ஆனால் அந்தக் கருப்புத் துண்டு இருக்கிறதே, அது வழியாக எர்த் பின்னுக்கு, அங்கிருந்து ஃபிரிட்ஜ் உடம்புக்கு. இப்போது கைப்பிடியில் 230 வோல்ட். ஃபிரிட்ஜ் ஓடாததால் "என்ன ஆச்சு" என்று பார்க்க வருகிறவர் முதலில் தொடுவது அந்தக் கைப்பிடியைத்தான். பழுதே இல்லாத ஃபிரிட்ஜும் ஆளைக் கொல்லும் என்பதுதான் இந்த லூப்பின் ஆபத்து.

இவர் வீட்டில் இன்னொன்றும் உண்டு. மெயின் சுவிட்சில் இரண்டு கிட்கேட் என்றால் ஒன்று நியூட்ரலில் இருக்கிறது. பழைய பழக்கம். ஓவர்லோடில் எந்த ஃபியூஸ் முதலில் போகும் என்று சொல்ல முடியாது. நியூட்ரல் ஃபியூஸ் போனால் வீடு இருட்டாகும், ஆனால் எல்லாக் கம்பியிலும் பேஸ் உயிரோடு நிற்கும். மேலே சொன்ன கருப்புத் துண்டோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். நியூட்ரல் ஃபியூஸ் கேரியரில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்பு லிங்க் போட வேண்டும். அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு டபுள் போல் எம்சிபி (ஓவர்லோடில் தானே விழும் சுவிட்ச்) வைப்பது இன்னும் நல்லது. அது இரண்டையும் சேர்த்தே வெட்டும்.

#6 ரெண்டாம்மாடி

சரி, லூப் தப்புன்னே வச்சுப்போம். அப்ப ஒரு எர்த் பைப் இறக்கி, எம்சிபி போட்டா முடிஞ்சுதே. கரண்ட் ஒழுகினா வெட்டுற ஆர்சிசிபி எதுக்கு? மழைக்காலத்துல தொட்டதுக்கெல்லாம் விழும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தூக்கிவிடணும்.

#7 மெகர்500

இந்தக் கேள்விதான் இந்த இழையில் முக்கியமானது. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நல்ல ஈரமண்ணில் வீட்டு எர்த் 5 ஓம் வந்ததாக வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 1 ஓம். கீசர் உடம்பில் பேஸ் ஒட்டிவிட்டது. மின்னோட்டம் 230-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 38 ஆம்பியர். கீசருக்கு 16 ஆம்பியர் சி வகை எம்சிபி போட்டிருக்கிறீர்கள். அது பட்டென்று விழ ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 38 ஆம்பியருக்கு உள்ளே இருக்கும் இரு உலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் விழ வேண்டும். அதற்குச் சில விநாடியும் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். அதுவரைக்கும் கீசர் உடம்பில் நிற்பது 38 × 5 = 190 வோல்ட். ஈரக்கையோடு குழாயைத் திறப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்காது.

எர்த் 20 ஓம் என்றால் 11 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி விழவே விழாது. கீசர் நாள் முழுக்க கரண்ட் பிடித்து நிற்கும், ஈ.பி. பில் மட்டும் ஏறும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு இந்தக் கவலை இல்லை. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் 0.3 விநாடிக்குள் வெட்டும். எர்த் 100 ஓம் ஆனாலும் உடம்பில் 3 வோல்ட் நிற்கும் அளவு கசிவுக்கே அது விழுந்துவிடும். வீட்டுக்கு வீடு தனி எர்த் போடும் நம் ஊர் முறையில் எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி.

அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் ஆர்சிசிபிக்கு அது ஒரு பல்ப் மாதிரிதான் தெரியும், விழாது. ஓவர்லோடுக்கும் விழாது. அதனால் எம்சிபியும் வேண்டும்.

#8 கம்பிக்காரர்

ரெண்டாம்மாடி அண்ணே, "தொட்டதுக்கெல்லாம் விழுது"ன்னா வீட்டுல எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். விழுறதைத் திட்டிட்டு பைபாஸ் பண்ணி வச்சிருக்கிற வீடுகள்தான் ஆபத்து. விழுற விதத்தை வச்சே இடத்தைச் சொல்லிடலாம். தூக்கினதுமே விழுந்தா பேஸ் எங்கேயோ எர்த்துல படுது: ஒவ்வொரு எம்சிபியா இறக்கி ஏத்திப் பாருங்க, எதை ஏத்தும்போது விழுதோ அந்த லைன். சும்மா இருக்கும்போது நிக்குது, மிக்சி இல்ல மோட்டார் போட்டதும் விழுதுன்னா முதல்ல அந்தப் பிளக்கைப் பிடுங்கிட்டு வேற சாக்கெட்டுல இஸ்திரிப்பெட்டி போடுங்க. அதுக்கும் விழுந்தா நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுது. சிங்கிள் போல் எம்சிபி எல்லாத்தையும் இறக்கினாலும் நியூட்ரல் வெட்டுப்படாது, அதனால அந்த வழியில தேடினா கிடைக்காது. மெயினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல் பாரிலேருந்து கம்பியை ஒவ்வொண்ணா கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பார்க்கணும். நூத்துக்கு எண்பது தடவை நம்ம கருப்புத் துண்டு மாதிரி ஒண்ணு ஏதாவது சாக்கெட்டுக்குப் பின்னாடி மாட்டும்.

#9 ஓட்டுவீடு

புரிகிறது. எர்த் புதிதாகப் போட்டால் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறார். பேஸிலிருந்து எர்த்துக்கு பல்ப் முழு வெளிச்சம் எரிந்தால் எர்த் நல்லது என்று.

#10 மெகர்500

பாதி உண்மை. 100 வாட் ஃபிலமென்ட் பல்ப் எரியும்போது அதன் தடை சுமார் 530 ஓம். எர்த் 2 ஓமாக இருந்தாலும் 40 ஓமாக இருந்தாலும் கண்ணுக்கு வெளிச்சம் ஒன்றுபோலவே தெரியும். பல்ப் மங்கினால் எர்த் மோசம் என்று உறுதியாகச் சொல்லலாம். பளிச்சென்று எரிந்தால் ஒரு எர்த் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அளவு தெரிய வேண்டுமானால் இரண்டு ஆணி அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும். உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்களிடம் இருக்கும்.

பல்ப் சோதனையில் ஓர் ஆபத்தும் உண்டு. எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருந்தால், பல்ப் வழியாகப் போன பேஸ் அந்தக் கம்பியில் தொங்கும் எல்லா உடம்புக்கும் ஏறிவிடும். அதனால் மூன்று பின் பிளக் அத்தனையும் பிடுங்கிவிட்டு, யாரும் எதையும் தொடாமல் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஆர்சிசிபி மாட்டிய பிறகு இந்தச் சோதனை செய்தால் அது விழும், விழத்தான் வேண்டும்.

டெஸ்டர் ஸ்குரூடிரைவரை நம்பி "கரண்ட் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள். நியூட்ரல் அறுந்த லைனில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், பார்ப்பவர் குழம்பிப்போவார். வெயிலில் எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

#11 கம்பிக்காரர்

எர்த் குழி: சுவரிலேருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், கீழ்ப்பாதியில 12 மில்லிமீட்டர் துளைகள். சுத்திக் கரியும் உப்பும் அடுக்கடுக்கா. மேல ஒரு புனல், சல்லடை, ஒரு அடிச் சதுரத்துல தொட்டி, மூடி. காவிரிப் படுகை மண்ணு, ஒரு பைப்பே போதும். சேலம், கோயம்புத்தூர் பக்கம் பாறை மண்ணுன்னா ரெண்டு பைப் இறக்கி இணைக்க வேண்டியிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பைப் நீளமாவது இடைவெளி விடணும்.

எல்லாரும் தப்பு பண்றது கிளாம்ப்ல. குழிக்குள்ள மண்ணுக்கடியில ஜிஐ கம்பியைச் சும்மா சுத்தி விட்டுடுவாங்க, மூணு வருஷத்துல துருப்பிடிச்சு அறுந்துடும். இணைப்பு தொட்டிக்குள்ள, கண்ணுக்குத் தெரியுற மாதிரி, ஜிஐ நட்டு போல்ட்டோட இருக்கணும். கோடைக்கு முன்னாடி திறந்து பாருங்க, ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

#12 தூண்வீடு

மிக்சி போட்டால் லைட் இமைப்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதை அளந்தே கண்டுபிடிக்கலாம். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று போதும். சாக்கெட்டில் சும்மா வோல்டேஜ் பாருங்கள். அதே போர்டில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டு மறுபடி பாருங்கள். 230 என்பது 227 ஆனால் சரி. 218 ஆனால் வழியில் ஏதோ ஒரு ஜாயின்ட் சூடாகிக்கொண்டிருக்கிறது.

20 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு என்றால் போக வர 40 மீட்டருக்கு அரை ஓம்கூட வராது. 4.3 ஆம்பியருக்கு 2 வோல்ட்தான் குறைய வேண்டும். 10 வோல்ட் குறைந்தால் மீதி 8 வோல்ட் எங்கே? ஒரு முறுக்கு ஜாயின்ட்டில். 8 × 4.3 = 34 வாட். ஒரு சால்டரிங் அயர்னை டேப் சுற்றித் தேக்கு ரீப்பருக்குள் செருகி வைத்த மாதிரி. வீடு பற்றிக்கொள்வதற்கு ஷார்ட் சர்க்யூட்டே தேவையில்லை.

மெயின் பக்கத்திலும் அதே நேரம் அளந்து கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஈ.பி. லைனிலேயே கொஞ்சம் குறையலாம். குறைவது மீட்டருக்கு முன்னாலேயே என்றால் அது கட்அவுட்டோ சர்வீஸ் வயரோ. சீல் இருக்கும் இடம், கை வைக்கக் கூடாது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். பழைய சுவிட்ச், ஹோல்டர் பேக்கலைட் சூடேறினால் கருவாடு சுடுவது மாதிரி வாடை வரும். அடுப்படியில் ஒன்றும் இல்லாமல் அந்த வாடை வந்தால் போர்டைத் திறக்க வேண்டிய நேரம்.

#13 ஓட்டுவீடு

அளந்தேன். முன்கட்டில் 231-லிருந்து 228. பின்கட்டு அடுப்படியில் 230-லிருந்து 214. மெயினில் 2 வோல்ட்தான் குறைகிறது. அடுப்படி லைன் அலுமினியம்.

#14 கம்பிக்காரர்

எதிர்பார்த்ததுதான். செம்பு கிடைக்காத 60, 70கள்ல எல்லாரும் அலுமினியம் இழுத்தாங்க. அலுமினியம் கெட்ட கம்பி இல்ல. ஈ.பி. லைன் எல்லாம் அதுதான். வீட்டுக்குள்ள அதைச் சின்ன ஸ்குரூவுக்கடியில வைக்கிறதுதான் வினை. இறுக்கின இடத்துல மெல்ல நசுங்கி வழிஞ்சு கொடுக்கும், ஸ்குரூ தானா தளர்ந்துடும். மேல ஒரு ஆக்சைடு படலம் பிடிக்கும், அதுல கரண்ட் போகாது. சூடாச்சுன்னா செம்பை விட அதிகமா நீளும், ஆறினா சுருங்கும், இன்னும் தளரும். இதுல எவனோ கிரைண்டருக்கு லைன் எடுக்கிறேன்னு செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருப்பான். மழை ஈரம் பட்டா அந்த இடம் வெள்ளைப் பொடியா பூத்துடும்.

அடுப்படி அலுமினிய லைனை ஒட்டுப்போட்டுப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு தடவை வளைச்சா உடையுற பதத்துல இருக்கும். முழுசா எடுத்துட்டுச் செம்பு. முன்கட்டு 3/20 செம்பு வேற கதை. அது சுமார் 2 ஸ்கொயர், அளவு குறைச்சல் இல்ல. மேல் உறை ரப்பரா பிவிசியான்னு பாருங்க. ரப்பர்னா நகத்தால கீறினா பொட்டுப் பொட்டா உதிரும், அதையும் மாத்தணும். பிவிசியா இருந்து வளைஞ்சு கொடுத்தா மெகர் பண்ணிப் பார்த்து (உறை வழியா கரண்ட் கசியுதான்னு அளக்கிற சோதனை) முடிவு பண்ணலாம்.

#15 ரெண்டாம்மாடி

இதுல எனக்கு உடன்பாடு இல்ல. கை வச்ச பிறகு ஐம்பது வருஷ வயரை ஏன் மிச்சம் வைக்கணும்? கூலி ஒரு தடவைதான்.

#16 மெகர்500

பணம் இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் பணம் பாதிதான் இருக்கிறது என்றால் வரிசை முக்கியம்: எர்த், ஆர்சிசிபி, நியூட்ரல் ஃபியூஸ், அடுப்படி, குளியலறை. முன்கட்டு லைட் ஃபேன் அடுத்த வருஷத்துக்கு நிற்கும், மெகர் சம்மதித்தால்.

மெகர் செய்வதற்கு 500 வோல்ட் டிசி கருவி. முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்இடி பல்புகளைக் கழற்றி, எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களின் கம்பியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை புகையும். சுவிட்ச் எல்லாம் ஆன். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் அளவு. பழைய விதிப்படி 50-ஐ பாயின்ட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் தேவையான மெகோம். 1 மெகோமுக்கு மேல் கேட்பதில்லை. 20 பாயின்ட்டுக்கு 2.5 என்று கணக்கு வந்தாலும் 1 இருந்தால் தேறிவிட்டது. கார்த்திகை மாதத்தில், சுவர் ஊறியிருக்கும்போது அளந்து தேறினால் நம்பலாம். சித்திரை வெயிலில் எந்தக் குப்பை வயரும் தேறும்.

#17 தூண்வீடு

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புச் சாந்து சுவரில் கட்டர் வைத்துக் காடி வெட்ட விடாதீர்கள். சிமென்ட் மாதிரி அது நேர்க்கோட்டில் நிற்காது, அரை இன்ச் வெட்டினால் ஆறு இன்ச் பெயரும். பிறகு சிமென்ட் வைத்து அடைத்தால் சுண்ணாம்போடு ஒட்டாது, அடுத்த மழைக்கு வெடிப்பு. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முட்டை போல வழவழப்பான பூச்சை இப்படிக் கெடுத்து வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். சுவருக்கு மேலேயே பிவிசி கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பட்டி) அடித்துவிடலாம். ரீப்பர் இருந்த கோட்டிலேயே அடித்தால் பழைய ஆணித்துளைகளும் மறையும். மெட்ராஸ் டெரஸில் விட்டத்தின் பக்கவாட்டில் ஓட்டுங்கள். விட்டத்துக்கு நடுவில் செங்கல் அடுக்கில் துளை போடக் கூடாது.

ஓட்டுக்கட்டில் எலி இருக்கும். அங்கே கேசிங் வேண்டாம், கட்டியான பிவிசி பைப் போட்டு முனைகளை அடைத்துவிடுங்கள்.

#18 ஓட்டுவீடு

அணைத்த பிறகும் எரியும் எல்இடி?

#19 கம்பிக்காரர்

சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு. ஆஃப் பண்ணினா நியூட்ரல் மட்டும் வெட்டுப்படுது, ஹோல்டருக்குப் பேஸ் வந்துக்கிட்டே இருக்கு. குண்டு பல்ப் காலத்துல இது தெரியாது, எல்இடிக்குத் துளி கரண்ட் போதும், காட்டிக்கொடுத்துடும். சுவிட்ச் ஆஃப்ல, பல்பைக் கழட்டிட்டு, ஹோல்டரோட ஒவ்வொரு முனைக்கும் தெரிஞ்ச நியூட்ரலுக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் வைங்க. எரிஞ்சா அதுதான். ஃபியூஸ் பலகையில அந்த லைனோட ரெண்டு கம்பியும் மாறிப்போயிருக்கான்னு முதல்ல பாருங்க, அங்க மாத்தினாலே பின்கட்டு முழுக்கச் சரியாகிடலாம். டெஸ்ட் லேம்ப் எரியலைன்னா சுவிட்சுல சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கும், இல்ல ரெண்டு கம்பி ரொம்பத் தூரம் ஒட்டி ஓடியிருக்கும். அதுல ஆபத்து இல்ல.

#20 மூணுபேஸ்

நமக்கு மூன்று பேஸ் வீடு. இதே காலத்து வயரிங். லோ வோல்டேஜ் வந்தால் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வேறு பேஸில் சொருகுவதுதான் வழக்கம். அதில் ஏதும் தவறு இருக்கிறதா?

#21 மெகர்500

இருக்கிறது. பழைய மூன்று பேஸ் வீடுகளில் வயர் மிச்சம் பிடிக்க இரண்டு லைனுக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். கூடம் ஒரு பேஸிலும் அறை இன்னொரு பேஸிலும் இருக்கும்வரை அந்த நியூட்ரலில் ஓடுவது இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறைவாகவே இருக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே பேஸுக்கு மாற்றியதும் 10-உம் 10-உம் சேர்ந்து 20 ஆம்பியர், அதே 1.5 ஸ்கொயர் நியூட்ரலில். எம்சிபி பேஸில் மட்டும் இருப்பதால் அதற்கு இது தெரியாது. நியூட்ரல் கருகும். கருகி விட்டுப்போய், அந்த நேரம் இரண்டு லைனும் வேறு வேறு பேஸில் இருந்தால் இரண்டும் தொடராகி நடுவில் 400 வோல்ட். லோடு குறைவாக இருக்கும் பக்கம் டிவியும் ஃபிரிட்ஜும் போகும். லைனுக்கு ஒரு நியூட்ரல் தனியாக இழுங்கள், பேஸ் மாற்ற செலக்டர் சுவிட்ச் வையுங்கள்.

#22 ஓட்டுவீடு

சாமான் பட்டியல் ஒன்று போட்டுக்கொடுத்தால் உதவி. சுமார் 40 பாயின்ட். கீசர் 2000 வாட், ஒரு ஹெச்பி கிணற்று மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வர்ட்டர். ஏசி இப்போது இல்லை.

#23 கம்பிக்காரர்

16 வழி டிபி பெட்டி (எம்சிபி எல்லாம் உட்காருற பெட்டி). முன்னால 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி ஒண்ணு. 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் டபுள் போல் ஆர்சிசிபி ரெண்டு: ஒண்ணு அடுப்படி, குளியலறை, மோட்டார், இன்னொண்ணு லைட், ஃபேன், ஃபிரிட்ஜ். ஒண்ணு விழுந்தா வீடு முழுக்க இருட்டாகாது. லைட்டுக்கு 6 ஆம்பியர் ரெண்டு, அடுப்படிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 16, கீசருக்கு 20, மோட்டாருக்கு சி வகை 16. ஏசி வந்தா இருக்கட்டும்னு ரெண்டு வழி காலி. நியூட்ரல் பார் ரெண்டு, ஒரு ஆர்சிசிபிக்கு ஒண்ணு. ரெண்டையும் கலந்துட்டா ரெண்டுமே நிக்காது.

வயர், 90 மீட்டர் சுருள் கணக்குல: 1.5 ஸ்கொயர் சிவப்பு 3, கருப்பு 3, பச்சை 2. 2.5 ஸ்கொயர் சிவப்பு 1, கருப்பு 1. கீசருக்கு 4 ஸ்கொயர் தூரத்தை அளந்து வெட்டி வாங்குங்க. மீட்டரிலேருந்து டிபிக்கு 6 ஸ்கொயர். ரீப்பர் லைனை முழுசா மாத்தினா இந்த அளவு, அடுப்படி மட்டும்னா பாதிக்கும் கீழ. சுருளைத் தராசுல வைங்க. 90 மீட்டர் 1.5 ஸ்கொயர்ல செம்பு மட்டுமே 1.2 கிலோ இருக்கணும். உறையோட சேர்த்தே அதுக்குக் கீழ வந்தா ஐஎஸ்ஐ முத்திரை எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் திருப்பிக் கொடுங்க.

எம்சிபி அடிக்கடி விழுதுன்னு 16-ஐ எடுத்துட்டு 32 மாட்டுறது, கிட்கேட்ல வயரோட ஒரு இழையைக் கட்டுற அதே புத்தி. 3/20 வயரோட ஒரு இழை உருக சுமார் 70 ஆம்பியர் வேணும். சுவருக்குள்ள இருக்கிற வயர் அதுக்கு முன்னாடியே உருகிடும். வேலை முடியுற வரைக்கும் பழைய பலகையில லைட்டுக்கு 35 நம்பர் ஃபியூஸ் கம்பி, பவருக்கு 25 நம்பர். ஒற்றை இழை, முறுக்கக் கூடாது.

#24 தூண்வீடு

இன்வர்ட்டரை மறந்துவிட்டீர்கள். அதன் லைனுக்கு நியூட்ரல் எந்த ஆர்சிசிபியில் இருக்கிறதோ, இன்வர்ட்டருக்குப் போகும் சாக்கெட்டும் அதே ஆர்சிசிபியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் ஒரு வழி போய் மறு வழி திரும்பும், நாள் முழுக்க விழும். டிபி கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: மெயின் ஆஃப் செய்தாலும் இந்த லைன்களில் இன்வர்ட்டர் கரண்ட் இருக்கும். அடுத்து வரும் எலெக்ட்ரீஷியனுக்கு அது தெரிய வேறு வழியில்லை.

#25 மெகர்500

வேலையைத் தொடங்கும் நாள்: மெயின் பெட்டியை மாற்ற மீட்டருக்குப் பின்னால் சப்ளை நிறுத்த வேண்டும். கட்அவுட் ஃபியூஸைப் பிடுங்குவது ஈ.பி. ஆளின் வேலை. பிரிவு அலுவலகத்தில் முன்னதாகச் சொல்லி வையுங்கள். செய்பவரிடம் உரிம வாரியத்தின் வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எர்த்தும் டிபியும் முதல் நாள். அன்று மாலையே பழைய லைன்களைப் புது ஆர்சிசிபிக்குப் பின்னால் கொடுங்கள். அநேகமாக விழும். விழுந்தால் கம்பிக்காரர் #8-ல் சொன்ன வழியில் கருப்புத் துண்டுகளைத் தேடுங்கள், இரண்டு கண்டுபிடித்த வீட்டில் மூன்றாவது இருக்கும். அடுப்படி லைன் இரண்டாம் நாள்.

#26 ஓட்டுவீடு

மூன்றாவதும் கிடைத்தது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள். எடுத்துவிட்டு மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை எர்த் குழி தோண்டுகிறார்கள்.

#27 கம்பிக்காரர்

குழி மூடுறதுக்கு முன்னாடி எர்த் டெஸ்டர் வச்சு அளவெடுத்து, தேதியோட டிபி கதவுல எழுதிடுங்க. 5 ஓமுக்கு மேல வந்தா அன்னைக்கே ரெண்டாவது பைப். மூடிட்டு அப்புறம் தோண்டச் சொன்னா எவனும் வர மாட்டான்.